அய்யா அளந்த நிழல்

போன வாரம் வயல் பக்கம் போயிருந்தேன். இராஜபாளையத்து மில் சங்கு ஊதியதும் இரண்டு பேர் எழுந்து போய் மடையை மாற்றிவிட்டு, திரும்பி வந்து விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். தண்ணீர் முறைக்கு இப்போது சங்குதான் சாட்சியாம். எனக்குப் பழைய சாட்சி ஞாபகம் வந்தது. நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்று பேரன் கேலி செய்வான். இதை மட்டுமாவது நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது மம்சாபுரத்தில் நிழல்தான் சாட்சி. விடிந்ததிலிருந்து ஆறடி நிழல் வரை வாய்க்கால் தண்ணீர் எங்கள் அய்யாவுக்கு. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். வெயிலில் நிமிர்ந்து நின்று, தலை நிழல் விழும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, ஒரு கால் விரலை ஒட்டி மறுகால் குதியை வைத்து அதுவரை நடப்பார். வெயில் ஏற ஏற நிழல் குறுகி ஆறு அடிக்கு வந்துவிட்டால் மடையைக் கீழ்வயலுக்குத் திருப்ப வேண்டும். நெட்டையனுக்கு நிழலும் நீளம், பாதமும் நீளம். யார் அளந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவர் நிழலை இன்னொருவர் அளக்கக் கூடாது. அது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

அய்யாவைத் திருடன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மாடு படுத்த பிறகும் படுக்காத மனிதர். காய்த்துப்போன அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார். முடி சிக்கி இழுக்கும். நான் ஊரைக் கூட்டுவேன். மண்வெட்டி வலது காலில் இறங்கி, புண் புரையோடி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்ட பிறகும் துணியைச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். அம்மா அழுததற்கு, நெல் அழுதால் யார் கேட்பது என்றார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் தண்ணீர் தரையோடு கிடந்தது. கீழ்வயல்காரர் சங்கிலி, அய்யாவை விடப் பத்து வயது இளையவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு நாள் வரப்பில் வந்து நின்று, தண்ணீர் செத்த நேரம் பிந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று மென்று விழுங்கினார்.

அய்யாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏலே, இத்தன வருசத்துல எந்நெழலு ஒனக்குப் பொய் சொல்லிருக்கா?"

"இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு சங்கிலி போய்விட்டார்.

கீழ்வயல் முழுக்கப் பதராய்ப் போயிற்று. தை பிறப்பதற்குள் சங்கிலி மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிலோன் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர்கள் போன நாலாம் நாள் அய்யா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புதுச் செருப்போடு வந்தார். குறைக்காலுக்கும் முழு நீளத்தில் அடித்து, முன்பாதியில் துணி திணித்துக் கொடுத்திருந்தார்கள். விளக்கெண்ணெய் வாடை தூக்கலாக அடித்தது. வீட்டுக்கு வராமல், அதைப் போட்டபடியே நேராக வயலுக்குப் போனார். நானும் அம்மாவும் கஞ்சி கொண்டு போனபோது நிழலை அளந்துகொண்டிருந்தார். செருப்போடு ஐந்து அடி. கழற்றிவிட்டு அளந்தார், ஆறு. மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பாதிக் காலால அளந்துருக்கேன்டி," என்றார் அம்மாவிடம். "தெனமும் ஒரு நாழிக அவன் தண்ணிய நான் குடிச்சிருக்கேன்."

கஞ்சியைத் தொடவில்லை. அந்தக் காலோடு சாத்தூர் வரை நடந்து, ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனார். கப்பல் போயிருந்தது.

அதன் பிறகு அவர் நிழலை அளக்கவே இல்லை. அம்மாவைத்தான் அளக்கச் சொல்வார். அதுவும் எட்டடியிலேயே மடையைத் திருப்பிவிடுவார். கோரை மண்டிய தரிசுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்று ஊர் சிரித்தது. சில காலை வேளைகளில் கீழ்வயலையே பார்த்தபடி, அங்கே யாரோ மண்வெட்டியோடு நிற்கிறார்களா என்று என்னைக் கேட்பார். யாரும் இல்லை என்பேன். நன்றாகப் பார் என்பார். எனக்கும் கொஞ்ச நேரத்தில் யாரோ நிற்கிற மாதிரி ஆகிவிடும். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதுகூட, தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்டார்.

அவர் இறந்த ஆறாம் மாதம் சங்கிலியின் மனைவி ஊருக்கு வந்தாள், தலை நரைத்து, தனியாக. சங்கிலி சிலோனிலேயே மண்ணாகிவிட்டார். நான் செருப்புக் கதையைச் சொல்லி, அய்யாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும் தாயி. ஒங்கய்யாகிட்டப் பேசிட்டு வந்த அன்னைக்கே எங்க வீட்டுல அவிய சொன்னாவ. கால் போன மனுசங்கிட்டப் போயி, ஒங் கால்தாம்ணே கொறையின்னு எப்பிடிச் சொல்லுவேன்னு. சொல்ல மனசு வராமத்தான் கப்பலேறுனோம்."

ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அவளோடு சண்டை பிடிக்கத் தோன்றியது. அழுகைதான் வந்தது.

இரண்டு வயலையும் பின்னால் ஒருவரே வாங்கி, நடுவரப்பை வெட்டிவிட்டார். போன வாரம் வெகு நேரம் நின்று பார்த்தேன். எது அய்யாவுடையது, எது சங்கிலியுடையது என்று எனக்கே தெரியவில்லை.