ஒரு குடம் சிறுவாணித் தண்ணீர்

சரவணம்பட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்ப்யூட்டர் கம்பெனிதான். நானும் அதில் ஒன்றில்தான் குப்பை கொட்டுகிறேன். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, எங்கள் தெருக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாள் தள்ளித் தள்ளிப் போனது. மற்ற நாட்களில் போர்வெல் உப்புத் தண்ணீர்தான்.

நாங்கள் எப்படியோ சமாளித்தோம். கைக்குழந்தையான மகளால் முடியவில்லை. கழுத்தெல்லாம் சிவந்து புண்ணாகி, ஓயாமல் அழுதாள். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். பிடித்து வைத்திருந்தது தீர்ந்துபோயிருந்தது. கேன் தண்ணீருக்கும் அந்தக் கோடையில் தட்டுப்பாடு. தண்ணீர் விடும் நாளுக்காகக் காத்துக் கிடந்தோம்.

அந்த நாளும் வந்தது. குழாயைத் திறந்தால் வெறும் காற்று. அதே நேரம் பக்கத்து வீட்டில் கொர்ரென்று ஒரு சத்தம். அந்த வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து ஐ.டி. பையன்களுக்கு விற்பவர். வீட்டுக் குழாயில் மோட்டாரை மாட்டி எல்லாத் தண்ணீரையும் அவரே உறிஞ்சுகிறார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். நேரே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, மோட்டார் போட்டு இழுக்கறது உங்களுக்கே நல்லா இருக்குங்களா?"

கோயமுத்தூர்க்காரர்கள் சண்டை போட்டால் விருந்துக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று மதுரைக்காரியான என் மனைவி இன்றும் கேலி செய்கிறாள். ஆனால் நான் நிஜமாகவே கொதித்துப்போயிருந்தேன்.

அக்கா உள்ளே வரச் சொன்னார். சத்தம் போட்டது புதிதாக வாங்கிய பெரிய கிரைண்டர். உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் குழாயிலும் காற்றுதான். போன முறை பிடித்ததில் ஒரே ஒரு குடம்தான் மிச்சம். அதையும் அரிசி அரைப்பதற்காக மூடி வைத்திருந்தார். உப்புத் தண்ணீரில் அரைத்த மாவை விற்க அவருக்கு மனசு வராது.

கிரைண்டருக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, கிரைண்டர் சத்தம்கூடத் தெரியவில்லை எனக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மன்னிப்புக் கேட்டு, குழந்தையின் நிலைமையைச் சொன்னேன். அழுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் வீடு திரும்பிய சற்று நேரத்தில், இடுப்பில் அந்தக் குடத்தோடு எங்கள் வாசலில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவோ மறுத்தோம். அவர் என் மனைவியின் கையில் குடத்தைத் திணித்தார்.

"மொதல்ல பாப்பாவுக்குத் தண்ணி வாத்து உடுங்க அம்மணி. மாவுக்கு நான் பாத்துக்கறேனுங்க."

வெதுவெதுப்பாகக் காய்ச்சிக் குளிப்பாட்டினோம். மகள் அழவில்லை. காலை உதைத்து விளையாடிவிட்டு, வெகுநேரம் தூங்கினாள். அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்படியொரு சந்தோஷம் எங்களுக்கு.

சாயங்காலம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். அக்கா வீட்டு வாசலில் பைக்கோடு நின்ற பையன்களை அவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மாவு இல்லீங் கண்ணு. அரிசி ஊறப்போட மறந்துபோட்டேன்."

அவருக்குப் பின்னால், ஊறிய அரிசி அண்டா நிறைய அப்படியே இருந்தது.