மேலதிகாரி வழியாக ஆகாயத்துக்கு

“ஐம்பது வயது நிரம்பாத, கண்ணும் காதும் சரியாக உள்ள எந்த பிரிட்டிஷ் பிரஜையும் விமானப் பயிற்சிக்குச் செயலாளரிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.”

விமானக் கிளப்பின் ஏழாம் விதி இது. போன வாரம் பழைய காகிதங்களைக் கிழித்துப் போடும்போது கையில் கிடைத்தது. ‘நேரடியாக’ என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டேன், சரி... அதன்படி நடந்தேனா?

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. சர்க்கார் ஆபீசில் தலைமைக் கிராணி நான், அதாவது பெரிய குமாஸ்தா. ஐம்பது நிரம்ப எட்டு மாதம் பாக்கி. கடலில் மிதந்து, நீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பும் சின்ன விமானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதை நானே ஓட்ட வேண்டும். ஒரு தடவையாவது.

டாக்டர் கண்ணையும் காதையும் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் எழுதினேன். அதன் உச்சியில், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், கை தானாக ஒரு வரி சேர்த்தது — ‘மேலதிகாரி வழியாக.’

கிளப்புக்கும் என் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவன் துரையின் மேசையைத் தாண்டாமல் ஆகாயத்துக்குப் போய்விடலாமா?

துரை கேள்வி எழுதி அனுப்பினார்: “இது உத்தியோகமா, பொழுதுபோக்கா?” பதில் எழுதினேன். அடுத்த மாதம் இன்னொன்று: “விழுந்தால் பென்ஷன் யாருக்கு?” அதற்கும் எழுதினேன், விதி எண்ணோடு. பிறகு சத்தமே இல்லை.

சிராங்கூன் ரோட்டில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருக்கும் மரைக்காயர் என்னிடம்தான் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறே கிளப் கொட்டகைக்கு நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் என்னைக் கண்டால் விடுவாரா?

“என்ன கிராணியாரே, துரை கையெழுத்து இன்னும் காயலையா?”

“முறை எண்டு ஒண்டு இருக்கு, பாய்.”

“செயலாளர்கிட்ட உங்களப் பத்திச் சொன்னேன். ‘அந்த மனுசன் யாரையும் கேக்க வேணாம், வரச் சொல்லு’ன்னாரு. ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. ஒரே கையெழுத்து.”

“அனுமதி வரட்டும், பாப்பம்.”

“மேல போய்ப் பாத்தேன். உங்க ஆபீஸு தீப்பெட்டி அளவுதான் இருக்கு. அதுல துரை எந்தக் குச்சின்னு தெரியல.”

சிரித்தேன். போகவில்லை.

துரைக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. மேசைக்குப் போன காகிதத்தைப் பற்றி ஆறு மாதத்துக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. இளம் கிராணிகளின் நச்சரிப்பு தாங்காமல் அதை எழுதியவன் நான்தான்.

வெள்ளைக்காரன் நம்மைச் சேர்க்க மாட்டான் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. என் வகை ஆளுக்கு யாரும் கதவைச் சாத்த வேண்டியதில்லை — திறந்தே வைத்தாலும், உள்ளே வரலாமா என்று மனு எழுதிக்கொண்டு வாசலில் நிற்போம். மூன்று பிரதிகளில்.

மரைக்காயர் லைசென்ஸ் வாங்கினார். கடை வாசலில் பார்த்தவர்களுக்கெல்லாம் ரோஸ் சர்பத் கொடுத்தார். நானும் குடித்தேன்.

எனக்கு ஐம்பது நிரம்பியது ஜூன் ஒன்பதாம் தேதி. துரையின் பதிலும் ஒருவழியாக வந்தது: “ஆட்சேபணை இல்லை.”

தேதி, ஜூன் பதினொன்று.