யெல்னிகி பள்ளியின் கொதிகலன்

பெர்ம் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்துகொண்டிருந்த ‘எக்காளம்’ வாரப் பத்திரிகைக்கு அந்த ஆண்டு ஐம்பது வயது. அதன் வரலாற்றை அரைப் பக்கத்துக்கு எழுதும் வேலை தைசியா புரோகோரவ்னாவின் தலையில் விழுந்தது. கடிதப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருப்பவள் அவள். ஆசிரியர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். அவள் நாற்காலி மட்டும் அந்த ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை.

எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வந்தது. ஒற்றைத் தாளில் தொடங்கியது, போர்க்காலத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியது, பழைய இரும்பு சேகரித்த பிள்ளைகள், பதக்கங்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் ‘எக்காளம்’ அதில் எங்கே இருக்கிறது? அவளைக் கேட்டால் பத்திரிகை என்பது அலமாரியில் அடுக்கியிருந்த அந்தப் பதிவேடுகள்தான். வந்த ஒரு கடிதம்கூடப் பதில் இல்லாமல் போகக்கூடாது என்பது விதி. நாய்க்குட்டி செத்துவிட்டது என்று எழுதினாலும் சரி, விண்வெளிக்குப் போக எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று கேட்டாலும் சரி, பத்து நாளில் பதில் போகும். கீழே, தைசியா என்பதைச் சுருக்கி, ‘தாயா அத்தை’ என்று கையெழுத்து. பதிவேட்டில் ‘கேட்டது என்ன’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அவள் எந்தக் கடிதத்தையும் கீழே வைத்ததில்லை.

ஜனவரியில் யெல்னிகி என்ற மரம் அறுக்கும் குடியிருப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்காம் வகுப்பு ஸோயா கோலிகவா எழுதியிருந்தாள்.

“தாயா அத்தை, எங்க பள்ளிக்கூடத்துல கொதிகலன் வெடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. கோட்டைக் கழட்டாமத்தான் உக்கார்றோம். பேனாவை ஊதி ஊதித்தான் எழுதறோம். ஆனாலும் எங்க வகுப்புல யாரும் லீவு போடலை. யாராவது கொதிகலனைச் சரி பண்ணச் சொல்லுங்க.”

‘கேட்டது என்ன’ கட்டத்தில் தைசியா ‘சூடு’ என்று எழுதினாள்.

புகார்க் கடிதம் அச்சில் வந்துவிட்டால் சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒரு மாதத்துக்குள் பத்திரிகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அச்சில் வராத கடிதத்துக்கு அப்படிக் கடிக்கும் பல் கிடையாது. அதனால் அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் க்ளெப் சவேலியேவிச்சிடம் போனாள்.

படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “தைசியா புரோகோரவ்னா, பொன்விழா வருஷத்துல அழுகைச் சத்தமா?”

“அழலைங்க. லீவே போடலைன்னு எழுதியிருக்கா.”

“அதைத்தான் சொல்றேன்! கடிதத்துல நல்ல விஷயமே அதுதான். உறைபனியிலயும் வகுப்பு நடக்குது. எப்பேர்ப்பட்ட பிள்ளைங்க! அந்தக் கொதிகலனை மட்டும் எடுத்துடுங்க.”

“கொதிகலனை எடுத்துட்டா கடிதத்துல என்னங்க இருக்கு?”

“மனோதிடம் இருக்கு. வேண்டாம்னா விடுங்க, அந்த இடத்துல செஸ் புதிர் போட்டுக்கலாம்.”

அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். செஸ் புதிர் வந்தால் யெல்னிகி என்ற பெயரே வராது. பெயராவது வரட்டும், கோட் போட்டு உட்காரும் பிள்ளைகளைப் பற்றிப் படித்தால் மேலே இருப்பவர்களுக்கு உறைக்காதா என்று நினைத்தாள். தன் சிவப்புப் பென்சிலால் கொதிகலனைப் பற்றிய இரண்டு வாக்கியங்களையும் தானே அடித்தாள். ‘குளிருக்கு அஞ்சாத நான்காம் வகுப்பு’ என்று தலைப்பு வைத்தது மட்டும் ஆசிரியர்.

உறைக்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கு இனித்தது. அடுத்த வாரமே கடிதங்கள் மூட்டையாக வந்தன. ‘நாங்களும் ஜன்னலைத் திறந்து வைத்துப் படிக்கிறோம்’ என்றது ஒரு பள்ளி. ‘எங்களில் பதினோரு பேருக்குக் காய்ச்சல், ஆனாலும் விடமாட்டோம்’ என்றது இன்னொன்று. ஜன்னலை மூடுங்கள் கண்மணிகளே என்று தைசியா கைவலிக்கப் பதில் எழுதினாள். க்ளெப் சவேலியேவிச்சோ நடைபாதையில் நின்று, “இயக்கம் தைசியா புரோகோரவ்னா, இது ஒரு இயக்கம்!” என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

யெல்னிகியிலிருந்தும் வந்தது. “தாயா அத்தை, நான் அப்படி எழுதலையே. எங்க வகுப்புல என்னைப் பொய்க்காரின்னு கூப்பிடறாங்க.”

பதில் எழுதும் முன் ஸோயாவின் முதல் கடிதத்தைப் பையில் எடுத்துவைத்தாள். ஒருநாள் விடுப்பு போட்டுவிட்டு ரயில் ஏறினாள். மூன்று மணி நேரப் பயணம், பிறகு பனியில் நடை. யெல்னிகி இருக்கும் வட்டாரத்தின் கல்வி அலுவலகத்தில் ஒரு குண்டு மனிதர் கம்பளிப் பூட்ஸைக் கணப்பின் மேல் காயவைத்துவிட்டு அவளை வரவேற்றார்.

“எக்காளமா! வாங்க வாங்க! உங்களால எங்க வட்டாரத்துக்கே பேரு.” சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் பத்திரிகைத் துண்டு தொங்கியது.

“அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கொதிகலன் எப்போ வரும்?”

“வந்துச்சே! பிப்ரவரியில ஒண்ணு ஒதுக்கினாங்க. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிட்டோம். அங்க பிள்ளைங்க நோஞ்சானுங்க.”

“இவங்களுக்கு?”

“இவங்களுக்கு எதுக்கும்மா? குளிருக்கு அஞ்சாதவங்க. நான் சொல்லலை, உங்க பத்திரிகைதானே சொல்லுது!”

“அது நான் வெட்டின கடிதம்,” என்றாள் தைசியா. “மூலக் கடிதம் என் பையில இருக்கு. படிங்க.”

அவர் கையில்கூட வாங்கவில்லை. “அச்சுல வந்தது ஒண்ணு, பையில இருக்கறது ஒண்ணுன்னா, நான் எதைம்மா கோப்புல வைக்கிறது?”

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அந்த மனிதர் மீது கோபம் வரவில்லை. க்ளெப் சவேலியேவிச் மீதுகூட அவ்வளவாக வரவில்லை. தன் சிவப்புப் பென்சில் மீதுதான் வந்தது. வீட்டுக்கு வந்து வரலாற்றுப் பக்கத்தைத் திரும்ப எழுதினாள். ஸோயாவின் முழுக் கடிதம், தான் அடித்த இரண்டு வாக்கியங்கள், வேறு ஊருக்குப் போன கொதிகலன். ஆசிரியர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பொன்விழா இதழில் வந்த வரலாற்றின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘யெல்னிகி சிறுவர்கள் தொடங்கிய இயக்கத்தில் இன்று நாற்பது பள்ளிகள்.’

ஸோயாவுக்கு மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினாள். இப்போது அங்கே எப்படி இருக்கிறது, குளிர் குறைந்ததா, கொதிகலனைப் பற்றி யாராவது வந்து விசாரித்தார்களா என்று கேட்டாள். நவம்பரில்தான் பதில் வந்தது.

“தாயா அத்தை, நீங்க நல்லவங்கன்னு எங்கம்மா சொல்றாங்க. எங்க பள்ளிக்கூடத்துல இப்போ சூடு இருக்கா இல்லையான்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நீங்க அச்சுல போட்டுடுவீங்க.”

விதிப்படி தைசியா பதிவேட்டைத் திறந்தாள். எண், தேதி, ஊர், பெயர் எழுதினாள். ‘கேட்டது என்ன’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள்.