கணவர் பெயர் என்ற முதல் கேள்வி

போன வாரம் தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி. அதைப் பற்றி ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், விடுங்கள். எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் வாசல் பக்கம் திரும்பி, "கார்த்தி, தண்ணி பாட்டில் எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டாள். கார்த்தி அவள் கணவன். அவனும் பாட்டிலோடு ஓடி வந்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அது பழைய சிரிப்பு. எங்கள் கல்லூரிக்கு மகளிரியல் என்ற பாடம் வந்த முதல் வருஷத்தில் தொடங்கியது. எங்களுக்குக் கொடுத்தது மனையியல் துறையின் பழைய சாமான் அறை. கதவைத் திறந்தாலே ஏலக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வரும். தையல் வகுப்பு என்று நினைத்துத் துணியோடு வந்து நின்றவர்கள் உண்டு. முதல்வரே ஒருநாள், "இந்த வருஷம் ஊறுகா போடறீங்களாம்மா?" என்று கேட்டார். நல்ல மனிதர். இல்லை என்றதும் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அவர்தான் இதையும் சொன்னார்: "ஒரு வருஷம் பாப்போம். பொண்ணுங்க ஒரு கிராமத்துல சர்வே எடுத்து ரிப்போர்ட் குடுக்கட்டும். பல்கலைக்கழகத்துல இருந்து வர்றவங்க சரின்னா வெச்சுக்கலாம். இல்லன்னா கம்ப்யூட்டர் பேப்பர் போட்டுக்கலாம்." நான் தற்காலிக விரிவுரையாளர். பாடம் போனால் என் வேலையும் போகும்.

எங்களிடம் இருந்தது வெளிநாட்டில் அச்சான ஒரே ஒரு வழிகாட்டிப் புத்தகம். பெண்களைத் தனித்தனியாக, அடுத்தவர் காதில் விழாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்று அது சொன்னது. எழுதியவர்கள் அரூர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியது புளி தட்டும் பருவத்தில். ஊர்ப் பெண்கள் எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை மட்டும் வீட்டுக்குள் கூட்டிப்போனால், என்ன ஆச்சோ என்று கூட்டமே பின்னால் வந்தது.

அதைவிட மோசம் முதல் கேள்வி. கணவர் பெயர். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் பெண்கள் கட்டியவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆகாது. இது எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் அந்த ஊர்களில் பிறந்தவர்கள்தான். புத்தகத்தில் இருக்கிறதே என்று அப்படியே வைத்துவிட்டோம். படித்தவர்கள் செய்கிற காரியம்.

"அதாங்க, சனிக்கெழம கும்புடற சாமி பேரு" என்றார் ஒரு அக்கா. பெருமாளா, கோவிந்தனா, வெங்கடேசனா என்று எங்கள் மாணவி ஜோதி அடுக்கிக்கொண்டே போனாள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். மதியம் வரை ஒருவரும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை. என் வேலை இந்தப் புளிய மரத்தடியிலேயே போய்விட்டது என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, மொதல்ல உங்க வூட்டுக்காரர் பேர நீங்க சொல்லுங்க. அப்பறம் நாங்க சொல்றோம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. வகுப்பில் சமத்துவம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற வாய். வீட்டில் "ஏங்க" என்பதற்கு மேல் சொல்லிப் பழகியதில்லை. "முருகன் கோயில் இருக்கற மலை..." என்று இழுத்தேன்.

"பழனிங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு ஜோதி குபீரென்று சிரித்தாள். மரத்தடி முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். "நா சொல்ல மாட்டேன், இவ சொல்லுவா" என்று அக்கா பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். அவள் பளிச்சென்று, "வரதன்" என்றாள். இவள் கணவர் பெயரை அவள், அவள் கணவர் பெயரை இவள். அடுத்தவள் புருஷன் பெயரைச் சொல்வதில்தான் எவ்வளவு உற்சாகம். எல்லாம் முடிந்ததும் அக்கா சொன்னார்: "அவரு பேருக்கா இவ்ளோ ரகள? எம் பேரு காவேரி. அதையும் எழுதிக்கங்க."

பேச்சு நிற்கவில்லை. நாங்களும் புளி தட்டிக்கொண்டே கேட்டோம். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. காலமெல்லாம் களை எடுத்த நிலத்தில் தன் பெயர் இல்லாதது. ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். தனியாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இதில் பாதி வந்திருக்காது.

நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட்டில் எழுதினோம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அம்மா படித்து முடித்து, "கும்பலா வெச்சுக் கேக்கக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கே?" என்றார்.

"ஆமாங்க மேடம். ஆனா அங்க தனியா யாருமே இல்லைங்க" என்றாள் ஜோதி.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மொதல் கேள்விய மட்டும் எடுத்துடுங்க. பேப்பர் இருக்கட்டும்." அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

இப்போது மகளிரியல் மாடியில் இருக்கிறது, பெயர்ப் பலகையோடு. ஜோதிதான் பாடம் நடத்துகிறாள். ஏலக்காய் வாசனை அறையை இடித்துவிட்டார்கள். புளிய மரம் சாலை அகலமானபோது போனது. கேள்விகள் செல்போனில் போகின்றன. பெண்கள் அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பதில் அனுப்புகிறார்கள். புத்தகம் கேட்ட தனிமை ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது.

ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் என் முறை வந்தது. அங்கிருந்த பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள். அடுத்த கேள்விக்குப் "பழனி" என்று தயாராக வைத்திருந்தேன். இப்போதெல்லாம் நான் தடுமாறுவதில்லை.

"போன் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றாள். அவ்வளவுதான். கணவர் பெயரை அவள் கேட்கவே இல்லை.