இடது குழாய் அவனுடையது

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் எப்போதும் தேவைப்பட்டதில்லை. ஐம்பதுகளில் ஓசூரிலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து பெங்களூருக்குப் போய்க் கல்லூரியில் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் நாகரசம்பட்டிக்காரன், மாந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளை. படிப்புக்காக ஓசூரில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அவன் ஓசூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் மகன். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கண்டக்டரிடம் கன்னடம், பேராசிரியரிடம் இங்கிலீஷ். கன்னடத்தில் ரெண்டு வார்த்தை பேசினால் அவனுக்கு ஜன்னலோரம் சீட் கிடைத்துவிடும். எனக்குக் கீரைக்கூடைகளுக்கு நடுவில்தான் இடம். அவன் நாலு பாஷை பேசினான், நான் தமிழில் மட்டும் வயிறெரிந்தேன்.

கல்லூரி பாதிரிமார்கள் நடத்தியது. மணி அடித்த பிறகு வந்தால் கதவு திறக்காது. விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் பாதி மார்க் போய்விடும். திங்கட்கிழமை தோறும் ரேங்க் வாசிப்பார்கள். அந்த வரிசைப்படி பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்கார வேண்டும். முதல் பெஞ்சின் இடது ஓரம் முதல் ரேங்க்குக்கு, அதையடுத்த இடம் இரண்டாவதற்கு. வகுப்பு முழுக்க வாரந்தோறும் இடம் மாறும், நாங்கள் இருவர் மட்டும் மாறமாட்டோம். அவனுடைய வலது காதைப் பார்த்துக்கொண்டேதான் நான் மூன்று வருஷம் படித்தேன்.

"அடுத்த வாரம் பாரு, நீதான்டா ஃபர்ஸ்ட்டு" என்பான். மனசாரச் சொல்வான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கடைசி வருஷம் விஷயம் முற்றியது. சென்னையில் சம்பளம் கட்டாமல் மேல்படிப்புப் படிக்க, கெமிஸ்ட்ரியில் ஒரே ஒருவனுக்குக் கல்லூரி கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் கம்பவுண்டர் மகனான அவனுக்குப் படிப்பு அதோடு சரி. என்னை அப்பா ஒரு தோப்பை விற்றாவது படிக்க வைத்துவிடுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி செய்முறைத் தேர்வுதான் அதை முடிவு செய்யும். கொடுக்கிற உப்பு என்ன உப்பு என்று சோதித்து எழுத வேண்டும். அங்கேயும் ரேங்க் வரிசைதான். ஒரு மேஜைக்கு இரண்டு பேர், நடுவில் உப்பு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு ஒரு மரத்தாங்கி. அதில் இடது குழாய் முன் ரேங்க்காரனுக்கு, வலது குழாய் பின் ரேங்க்காரனுக்கு. அன்று பஸ் தாமதமாகிவிட, ஸ்டாண்டிலிருந்து ஓடினோம். கல்லூரி வாசலில் அவன் செருப்பு வார் அறுந்தது. "நீ போடா, நான் வந்துடறேன்" என்றான்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அவன் குழாயில் பளிச்சென்று நீலம். மயில்துத்தம் என்று ஸ்கூல் பையன்கூடச் சொல்லிவிடுவான். என் குழாயில் வெள்ளைத்தூள், எதுவாகவும் இருக்கலாம். இதிலும் இவனுக்கே அதிர்ஷ்டமா என்று உடம்பு கொதித்தது. இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கை கழுவப் போனேன். மணி அடிக்கும்போது அவன் வெறுங்காலோடு ஓடி வந்து இடது குழாயை எடுத்தான்.

நீலத்தை நான் சுலபமாக எழுதிவிட்டேன். அவன் வெள்ளையை எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டான். யாருக்கு எந்த உப்பு என்று பேராசிரியர் கையில் ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். மூன்று வருஷமாகத் தெரிந்த இந்த விஷயம், அந்த ஒரு நிமிஷம் என் புத்தியில் இல்லை.

சாயங்காலம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எனக்குரிய உப்பு அவன் தாளில், அவனுக்குரிய உப்பு என் தாளில். யார் மாற்றி எடுத்தது என்று கேட்டார். நான் அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான் சார். ஓடி வந்த அவசரத்தில் இடது வலது பார்க்காமல் எடுத்துவிட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னான். யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொன்னதல்ல அது. அப்படித்தான் நடந்திருக்கும் என்று உண்மையாகவே நம்பினான். பேராசிரியர் அவன் தாளில் பூஜ்யம் போட்டார், மிச்சமிருந்த குழாயை எடுத்தவன் மேல் தப்பில்லை என்று என் தாளில் முழு மார்க். கடிதம் என் பேருக்கு வந்துவிட்டது.

திரும்பும்போது அவன் கண்டக்டரிடம் பேசி எனக்கு ஜன்னலோரம் சீட் வாங்கிக் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னால உன் மார்க்கும் போயிருக்கும்டா. மனசுல எதுவும் வச்சுக்காத."

"வுடுடா, பரவால்ல" என்றேன்.

ஆமாம், நான் அவனை மன்னித்தேன்.

அத்திப்பள்ளி வருவதற்குள் அவன் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டான். கடிதம் எனக்கு, ஜன்னல் எனக்கு. ஓசூர் வரும்வரை நான் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு, அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.