நெவாளி ஓடுதளம், வேலிக்கு வெளியிலிருந்து

காலை ஏழரைக்கு மும்பை செம்பூரில் ரயிலேறினோம். கல்யாணுக்கு அப்பால் நெவாளியில் இருக்கும் பழைய ராணுவ விமான ஓடுதளத்தைக் கல்லூரிக் கட்டுரைக்காக என் மகள் நித்யா பார்த்தே ஆக வேண்டுமாம். மூன்று மாதங்களுக்கு முன் குர்லாவில் கூட்டம் தள்ளி, ரயிலிலிருந்து பிளாட்பாரத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டவள். அன்றிலிருந்து அவளுடைய ரயில் பாஸ் என் கைப்பையில்தான் இருக்கிறது. நான் இல்லாமல் அவள் ரயிலேறுவதில்லை.

வண்டி மாறுவதும் அதே குர்லாவில். கூட்டத்துக்குப் பயந்து இரண்டு ஃபாஸ்ட் வண்டிகளை விட்டுவிட்டு ஸ்லோவில் ஏறினோம். அது நிற்காத இடமில்லை.

"நடந்தே போயிருக்கலாம்மா."

கல்யாணிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர்.

"யக்கா, அங்க என்ன இருக்குன்னு போறிய? புல்லும் எருமையுந்தான் கெடக்கு."

அப்படித்தான் இருந்தது. முள்கம்பி, உள்ளே நுழையாதே, படம் எடுக்காதே என்று ஒரு பலகை. அதற்கப்பால் இடுப்பளவு புல், நடுவே வெடித்துப்போன சிமென்ட் பட்டை. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் போட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, நிலம் மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. இதற்காகவா ஒரு நாள் லீவு போட்டேன்?

நித்யா போனை உள்ளே வைத்துவிட்டுப் பென்சிலால் வரைந்தாள். எதிரே டீக்கடைக்கார அம்மா மராத்தியில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் எங்களுக்குச் சொன்னார்:

"இவுக மாமனாரோட அப்பா நெலமும் இதுக்குள்ளதானாம். சண்ட முடிஞ்சதும் தாரோம்னுதான் எடுத்தாகளாம்."

"அப்புறம் ஏன் தரலையாம்?" என்றாள் நித்யா.

ஓட்டுநர் கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே டீ ஆற்றினார்.

"பாதுகாப்புக்காம்."

நித்யா என் கைப்பையைப் பார்த்தாள். "கட்டுப் பிரிச்சு ஒரு மாசமாச்சும்மா."

"அதுவும் இதுவும் ஒண்ணா? டீயைக் குடி."

திரும்பும்போது ஃபாஸ்டிலேயே ஏறினோம். மதியம் அவளுக்குத் தாதரில் வகுப்பு. கூடவே போவதாகத்தான் இருந்தேன். குர்லா நெருங்கியதும் பாஸை எடுத்து அவள் கையில் திணித்தேன். கதவுப் பக்கம் போகாதே, நடுவில் நில், இறங்கியதும் போன் பண்ணு என்றேன்.

"நீ மொதல்ல எறங்கும்மா. எல்லாருக்கும் வழிய மறிக்கிற."

இறங்கினேன். செம்பூர் வண்டிகள் இரண்டு போயின. தாதரிலிருந்து அவள் போன் வரும்வரை நான் அந்த பிளாட்பாரத்தை விட்டு நகரவில்லை.