வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தினேன்

கம்ப்யூட்டர் சயன்ஸ் வாத்தியார் வேலைக்குத் தொண்டை ஒன்று இருந்தால் போதும் என்று பதினெட்டு வருஷம் நம்பியிருந்தேன். இந்த வருஷம் ஆப் வடிவமைப்புப் பாடத்தை ஸ்டூடியோ முறையில் நடத்தினேன். மாணவர்கள் வரைந்ததைச் சுவரில் ஒட்டி அவர்களே அலச வேண்டும், நான் பேசக்கூடாது. வகுப்பில் சும்மா நின்று பார்த்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

பெஞ்சு நகர்ந்தது

பெஞ்சுகளை வட்டமாக இழுத்த சத்தத்துக்கே துறைத் தலைவர் வந்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். செமஸ்டர் நடுவில் ஒரு நாள் வந்து பார்ப்பாராம். என்றைக்கு என்று சொல்லவில்லை. வாசலில் நிழல் ஆடினாலே எட்டிப் பார்த்தேன். அவர் போகும்போது சொன்னது அப்படி.

"சரியா வரலைன்னா அன்னைக்கே பெஞ்சு பழைய இடத்துக்குப் போயிடும் மேடம்."

எல்லாமே சூப்பர்

பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதை வருஷாவருஷம் தெரிவிக்க வேண்டும். அதைப் போனிலேயே செய்ய ஒரு ஆப். இதுதான் வேலை. முதல் வாரம் படங்களை ஒட்டினார்கள். யாரைக் கேட்டாலும் "சூப்பர் மிஸ்". ஒரு குறைகூடவா இல்லை என்று எரிந்து விழுந்தேன். தவளக்குப்பம் கார்த்தி எழுந்தான்.

"இன்னிக்கு நான் அவன குறை சொன்னா, நாளைக்கு அவன் என்ன கிழிச்சுடுவான் மிஸ்."

ரஃப்

வேறு வழியில்லாமல், திருத்தித் திருத்தி வரைந்த ரஃப் படங்களுக்கும் மார்க் உண்டு என்றேன். மறுவாரம் ஒவ்வொரு குழுவும் ஐந்து ரஃப் கொண்டுவந்தது. எல்லாவற்றிலும் ஒரே ஆப், கோடுகள் மட்டும் கோணல். தலையில் அடித்துக்கொண்டேன். தேவிகா பாவமாகச் சொன்னாள்.

"ஃபைனல் முதல்லயே முடிஞ்சிடுச்சு மிஸ். ரஃப் போடத்தான் ரெண்டு நாள் ஆச்சு."

பெரியவர் வந்தார்

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு பென்ஷன்காரரை வரவழைத்து, தேவிகா குழுவின் ஆப்பைக் கையில் கொடுத்தோம். பார்த்து, அன்றைக்கே துறைத் தலைவரும் வந்து நின்றார். யாரும் உதவக்கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். பத்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தேன். 'உயிருடன் இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்குக் கீழே 'இல்லை' மட்டும் சிவப்பில் பெரிதாக இருந்தது. பெரியவர் அதையே அழுத்தினார். 'நன்றி' என்றது போன்.

"நான் உசுரோடதாம்மா இருக்கேன். இதுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார்.

"ஏய், அந்த சிவப்ப மொதல்ல எடு!" என்று கத்தினான் கார்த்தி. அதோடு எல்லோரும் சுவரருகே பாய்ந்து, சின்ன எழுத்து, மறைந்த பொத்தான் என்று அடுக்கினார்கள். தேவிகா முகம் சிவந்துபோனாள். ஆனாலும் படத்தைக் கிழித்துவிட்டு, வெள்ளைத்தாளில் பெரியவரைக் கேட்டுக் கேட்டு வரைய ஆரம்பித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துறைத் தலைவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பெஞ்சு இப்படியே இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், மறைக்குது."

பதினெட்டு வருஷம் பேசிப் பேசி வராத களைப்பு, பேசாமல் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு வந்துவிட்டது.